நான்கு கிலோவுடன் கொடைக்கானலுக்கு

கொடைக்கானலுக்குப் போவதென்றால் எங்கள் ஊர்க் குடும்பங்களில் அது ஒரு படையெடுப்பைப் போலவே நடைபெறும். வாடகை வேன் ஒன்று. அதற்குள் அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை, ஆளுக்கொரு பெட்டி, தலையணைகள், முறுக்கு டின், தண்ணீர்ப் புட்டிகள் நிறைந்த அட்டைப் பெட்டிகள். இவற்றின் இடுக்குகளில் மனிதர்கள். 2023-ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த மூன்று குடும்பங்கள் இவ்விதமாகத்தான் மலையேறினோம். பெருமாள்மலைக்கு அருகே சாலையோரத்தில் அடுப்பு மூட்டி, எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து உண்டோம். உண்டபின் இலைகளையும் காகிதத் தட்டுகளையும் காலிப் புட்டிகளையும் ஒரு மரத்தடியில் ஒழுங்காகக் குவித்துவிட்டு வேனில் ஏறினோம். ஒழுங்காகக் குவித்தோம் என்பதில் எங்களுக்கு அப்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவ்விடத்திற்குச் சற்றுத் தள்ளிக் காரட்டும் பேரிக்காயும் கூறுகட்டி விற்றுக்கொண்டிருந்த பெண்மணி ஒருவர் எழுந்து வந்தார். கோபமாகப் பேசவில்லை.

"நீங்க போயிருவீங்க சாமி. ராத்திரி இதைக் காட்டுமாடு வந்து திங்கும். நாங்கதான் பாத்துக்கிட்டு இருக்கணும்" என்றார்.

நாங்கள் குவியலை அள்ளி வேனுக்குள் போட்டுக்கொண்டோம். நகரத்தை அடைந்ததும் முதலில் கண்ட குப்பைத் தொட்டியில் கொட்டினோம். அந்தத் தொட்டியிலிருந்து அது எங்கே போனது என்று அன்று எவரும் யோசிக்கவில்லை. அவரிடம் ஒரு கூறு காரட்டு வாங்கவேண்டும் என்பதுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை. வாங்கித்தான் என்ன செய்வது? மூன்று நாளைக்கு வேண்டிய காய்கறிகளை முழுவதும் சமவெளியிலிருந்தே சுமந்து சென்றிருந்தோமே!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் அன்பியத்தில் நான்காவதாக ஒரு குடும்பம் உண்டு. கணவர் காய்கறிச் சந்தையில் சுமைதூக்கும் தொழிலாளி, மனைவி வீட்டில் தையல் தைப்பவர், இரண்டு பிள்ளைகள். அந்த மே மாதம் அவர்களையும் அழைத்தோம். "சந்தையில வேலை கூடுதலா இருக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். நாங்களும் நம்பினோம். பல மாதங்கள் கழித்துத்தான் அவர்களுடைய மகள் எங்கள் மகளிடம் பேச்சுவாக்கில் உண்மையைச் சொன்னாள்: வேன் வாடகையின் பங்கைத் தருவதற்குப் பணமில்லை, அதைவிட, கொண்டுபோவதற்குப் பெட்டியும் இல்லை, கம்பளிச் சட்டைகளும் இல்லை. எல்லாரும் பெட்டிகளோடு வந்து நிற்கும்போது துணிமூட்டையோடு வந்து நிற்க அந்தத் தாய்க்கு மனம் வரவில்லை.

2025-ஆம் ஆண்டு மறுபடியும் மலைக்குப் போகலாம் என்ற பேச்சு வந்தபோது, இந்த இரண்டு செய்திகளும் எங்கள் மனத்தில் முள்ளாகக் கிடந்தன. ஞாயிறு மாலை செபம் முடிந்து மளிகைக்கடை அண்ணன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து திட்டமிட்டோம். எப்படிப் போவது என்பதில்தான் விவாதம் பலமாக இருந்தது. வேன் வேண்டாம், அரசுப் பேருந்து போதும் என்று ஓய்வுபெற்ற டீச்சர் சொன்னார். நீதிமன்ற ஆணைப்படி 2024-ஆம் ஆண்டு மே 7 முதல் கொடைக்கானலுக்குச் செல்லும் வாகனங்கள் இ-பாஸ் பெற்றாக வேண்டும். அரசுப் பேருந்தில் செல்வோருக்கு அந்தத் தொல்லை இல்லை. 2025 ஏப்ரல் முதல் சூன் வரை வார நாட்களில் 4,000, வார இறுதி நாட்களில் 6,000 என்று வாகனங்களுக்கு வரம்பே விதித்தார்கள். ஆகவே சீசனை விட்டுவிட்டு, ஆகஸ்டு கடைசியில் ஒரு சனி, ஞாயிறு என்று முடிவு செய்தோம். மழை வருமே என்றார் ஒருவர். வரட்டும், மழைக்குப் பயந்தவர்கள் மலைக்கு ஏன் போகவேண்டும் என்றார் டீச்சர்.

பணத்திற்கு ஒரு வழி கண்டோம். ஒரு பிஸ்கட் டின், நான்கு உறைகள், உறைகளின்மேல் பெயர் கிடையாது. குடும்பத்துக்கு ஒரு உறை, இயன்றதை வைத்து ஒட்டி டின்னில் போடவேண்டும். எந்த உறையில் எவ்வளவு இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. எண்ணிப் பார்த்தபோது பேருந்து, தங்குமிடம், உணவு மூன்றுக்கும் போதுமானதாக இருந்தது. படகுச் சவாரிக்குப் போதவில்லை. படகு வேண்டாம் என்று தீர்மானித்தோம். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

அடுத்து, சாமான். பெரியவருக்கு நான்கு கிலோ, பிள்ளைகளுக்கு இரண்டு கிலோ. பெட்டி கூடாது, தோளில் மாட்டும் துணிப்பை மட்டுமே. இந்தப் பயணத்திற்காக எவரும் புதிதாக ஒன்றும் வாங்கக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை முன்மொழிந்தவர் மளிகைக்கடை அண்ணனின் மனைவி. யாருக்காகச் சொல்கிறார் என்பது எங்களுக்குப் புரிந்தது. சொன்ன விதத்தில் அது யாருக்காகவும் சொன்னது போலவே இல்லை. அவரது சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். கம்பளிச் சட்டை மிகுதியாக வைத்திருந்தவர்கள் அவற்றைத் திண்ணையில் கொண்டுவந்து குவித்தோம். அவரவர் அளவுக்கு எடுத்துக்கொண்டார்கள். டீச்சரின் பழைய நீலச் சுவெட்டர் தையல் அக்காவுக்கும், எங்கள் மகனுடையது அவர்கள் மகனுக்கும் பொருந்தின. அக்காவின் மகளுக்கு அமைந்தது எங்கள் மகளுக்கும் பிடித்திருந்தது. விட்டுக்கொடுக்கும்படி நாங்கள் கண்ணால் சாடை காட்டவேண்டியிருந்தது.

புறப்படுவதற்கு முந்திய மாலை எல்லாருடைய பைகளும் மளிகைக்கடைத் தராசுக்கு வந்தன. அன்றைய கதாநாயகர் எங்கள் சுமைதூக்கும் சகோதரர்தாம். தராசில் வைப்பதற்கு முன் ஒவ்வொரு பையையும் ஒரு விரலால் தூக்கிப் பார்த்து எடை சொன்னார்.

"டீச்சர், இது ஏழு கிலோ இருக்கும்."

தராசு 7 கிலோ 150 கிராம் காட்டியது. பையைத் திறந்தால் ஒரு துருக்கித் துவாலை, இரண்டு புத்தகங்கள், ஒரு வெந்நீர்க் குடுவை, கடலை உருண்டை டப்பா, டீச்சரின் மாமியாருக்காக ஒரு தலையணை! மாமியாருக்கு எண்பது வயது. தலையணைக்கு மட்டும் விலக்கு அளித்தோம். எங்கள் பை ஐந்தரை கிலோ என்று அவர் சொன்னதும் சரியாகவே இருந்தது. அதிலிருந்து என்னென்ன வெளியே வந்தன என்பதைச் சொல்லாமல் விடுகிறோம். அவருடைய குடும்பத்தின் நான்கு பைகளும் சேர்ந்து ஏழு கிலோவைத் தாண்டவில்லை.

பின்னால் செல்வோருக்குப் பயன்படும் என்பதால் எங்கள் பைகளில் எஞ்சியவற்றைக் குறிப்பிடுகிறோம். உடுத்தியது போக ஒரே ஒரு மாற்றுடை, இரவுக்கு ஒரு லுங்கி அல்லது நைட்டி, இரண்டு ஜோடிக் காலுறை, குல்லா, மெல்லிய ஈரிழைத் துண்டு, எவர்சில்வர் தட்டு, தம்ளர், தண்ணீர்ப் புட்டி. மழை மாதங்களில் மலையில் துவைத்த துணி காயாது. ஆகவே துவைக்கும் எண்ணமே வேண்டாம், சோப்புக் கட்டியும் வேண்டாம். கனமான உடையைப் பையில் திணிக்காமல் உடம்பில் போட்டுக்கொள்வது உத்தமம். இருவருக்கு ஒரு குடை. மருந்துகள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே டப்பாவில். அதில் வாந்தி மாத்திரை முக்கியம், மலை ஏறத் தொடங்குவதற்கு அரைமணி முன்னதாகவே விழுங்கிவிடவேண்டும். பழைய செய்தித்தாள் நான்கைந்து தாள்கள்: நனைந்த செருப்புக்குள் திணித்து வைத்தால் காலையில் ஈரம் குறைந்திருக்கும். சமையல் சாமான் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாக, நகரில் ஒரு தம்பதியர் நடத்தும் சிறு உணவுக் கடைக்கு ஒரு வாரம் முன்னதாகவே தொலைபேசியில், பதினேழு பேர் வருகிறோம், நான்கு வேளை உண்போம் என்று சொல்லிவைத்தோம். முன்கூட்டியே தெரிந்தால் அவர்களும் அளவாகச் சரக்கு வாங்கிக்கொள்ளலாம் அல்லவா?

ஆகஸ்டு 30, சனிக்கிழமை விடியுமுன் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் கூடினோம். முந்திய நாள்தான் வேளாங்கண்ணியில் கொடியேற்றம்; கிழக்கே செல்லும் பேருந்துகளில் காவி உடை அணிந்த திருப்பயணிகள் நிறைந்திருந்தார்கள். மேற்கே செல்லும் எங்கள் பேருந்தில் பதினேழு பேருக்கும் அமர இடம் கிடைத்தது. எல்லாப் பைகளும் மடியிலேயே அடங்கிவிட்டன.

வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோட்டில் வண்டி வலப்புறம் திரும்பியதும் மலை ஆரம்பமாகிறது. முதலில் புளியமரங்கள், பின்னர் மாந்தோப்புகள், மேலே போகப் போகக் காப்பித் தோட்டங்களும் ஆரஞ்சும் மலைவாழையும். டம்டம் பாறைக்கருகே எதிர்ச் சரிவில் தலையாறு அருவி வெள்ளை நூலாகத் தொங்குவது தெரிந்தது. எலிவால் அருவி என்றும் இதற்குப் பெயர்; உயரம் ஏறத்தாழ 300 மீட்டர். ஓட்டுநர் ஒரு நிமிடம் வேகத்தைக் குறைத்தார். அது எங்களுக்காகவா வளைவுக்காகவா என்று சொல்ல முடியாது.

பேருந்தில் டீச்சர் பிள்ளைகளுக்குப் பழைய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்திலுள்ள இவ்விடத்தில் அமெரிக்க மிஷனரிமார் 1845-இல் முதல் வீடுகளைக் கட்டினார்கள். சமவெளியின் வெப்பமும் நோயும் அவர்களுடைய குழந்தைகளைக் கொண்டுபோய்க்கொண்டிருந்த காலம் அது. மோட்டார் சாலை வந்ததோ 1910-களில்தான். இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் மலைக்கு எப்படி வந்தார்கள்? பெரியகுளத்துப் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூருக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை இருந்தது. நடக்கக் கூடியவர்கள் நடந்தார்கள். குதிரை வைத்திருந்தவர்கள் குதிரையில் வந்தார்கள். துரைசானிகளும் குழந்தைகளும் நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்து மனிதர்களின் தோள்மேல் வந்தார்கள். கட்டில், பியானோ, பீங்கான் பாத்திரம் யாவும் கூலிகளின் தலையில் வந்தன.

சுமைதூக்கும் சகோதரர் முன்னிருக்கையிலிருந்து திரும்பி, "ஏத்தத்துல தூக்குறது பெரிசில்ல டீச்சர். எறக்கத்துல தூக்கணும் பாருங்க, அப்பத்தான் முழங்காலு பேசும்" என்றார்.

சற்று நேரம் எவரும் பேசவில்லை. 2023-இல் நாங்கள் தொட்டியில் கொட்டிய குவியலை அதற்குப்பின் யார் தூக்கினார்கள் என்பதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தோம். நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர் ஒருவர்தான் தூக்கியிருப்பார். அவருக்கும் முழங்கால் இருந்திருக்கும்.

கொடைக்கானலைப் பற்றி எழுதுகிறவர்கள் காட்சிமுனைகளைப் பட்டியலிடுவது வழக்கம். நாங்கள் அவற்றில் பலவற்றைப் பார்க்கவில்லை. ஒரே நாளில் பன்னிரண்டு இடங்களைக் காட்டுகிறோம் என்று வண்டிக்காரர்கள் அழைத்தார்கள்; பன்னிரண்டு இடங்களில் இறங்கி ஏறுவதற்கு மலை எதற்கு? ஏரியை ஒருமுறை சுற்றி நடந்தோம். ஏறக்குறைய 5 கிலோமீட்டர். இது இயற்கையான ஏரி அன்று. மதுரை ஆட்சியராயிருந்த வீர ஹென்றி லெவின்ஜ் 1863-இல் சதுப்பு நிலத்து ஓடைகளுக்கு அணைபோட்டு உண்டாக்கியது. டீச்சரின் மாமியார் பாதி வழியில் ஒரு பெஞ்சில் அமர்ந்துவிட்டார். பிள்ளைகள் படகுகளைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள், பேசாமல் நடந்தார்கள். அன்று எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

பிற்பகல் உள்ளூர்ப் பேருந்தில் பூம்பாறைக்குப் போனோம். நகரத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரந்தான்; ஆனால் வேறோர் உலகம். வளைவில் திரும்பியதும் கீழே பள்ளத்தாக்கில் ஓட்டு வீடுகள் நெருக்கமாக அமர்ந்திருக்க, சுற்றிலும் படிப்படியாகச் செதுக்கிய வயல்கள் பச்சையின் எல்லாச் சாயல்களிலும் இறங்கி வருகின்றன. காரட்டு, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிறம் சற்று மங்கல். மணமோ வீதியெங்கும் வீசுகிறது.

குழந்தை வேலப்பர் கோயிலைத் தாண்டி நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பதினேழு பேருக்கு எட்டுக் குடைகள் என்ற எங்கள் கணக்கு சமவெளி மழைக்குப் போட்ட கணக்கு. அருகிலிருந்த வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினோம். உள்ளே ஒரு வயதான தாய் பூண்டுக் கட்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். மேலே பரணுக்கடியில் கட்டுக் கட்டாகப் பூண்டு தொங்கியது; அடுப்புப் புகை படப்பட அது கெடாமல் மாதக்கணக்கில் இருக்குமாம். "எந்த ஊரு?" என்றார். "திண்டுக்கல்" என்றோம். "அம்புட்டுப் பேருமா?" என்று சிரித்துவிட்டு வறட்காப்பி போட எழுந்தார். எங்கள் தம்ளர்கள் பையிலிருந்தன. அவருடைய பாத்திரங்களைக் கழுவும் வேலை மிச்சமாயிற்று.

காப்பி வருவதற்குள் தையல் அக்காவின் கண்கள் சுவரோரத்தில் கிடந்த சாக்குகளின்மேல் பட்டன. இரண்டு சாக்குகளில் அடித்தையல் பிரிந்து பூண்டு சிந்திக்கொண்டிருந்தது. அவர் தமது ஒன்றே முக்கால் கிலோப் பையிலிருந்து ஒரு கோணி ஊசியையும் நூலையும் எடுத்தார்! கோணி ஊசியை மலைக்கு எதற்காகக் கொண்டுவந்தீர்கள் என்று பிற்பாடு கேட்டோம். "பையி அறுந்து போச்சுன்னா என்ன பண்றது, அதுக்குத்தான்" என்றார். மழை ஓயும்வரை இருவரும் எதிரெதிரே அமர்ந்து சாக்குகளைத் தைத்தார்கள். ஒருவர் தையலை மற்றவர் குறை சொன்னார். பேச்சு பிள்ளைகளுக்கு வந்து, கூலிக்கு வந்து, முதுகுவலியில் நின்றது. நாங்கள் மற்றவர்கள் காப்பியைக் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தோம். காப்பிக்குக் காசு தர முயன்று திட்டு வாங்கினோம். பூண்டுக்கு மட்டும் சந்தை விலை கேட்டு வாங்கிக்கொண்டார். குடும்பத்துக்கு ஒரு கிலோ. அக்காவின் பூண்டை நிறுக்கும்போது தட்டு நன்றாகவே தாழ்ந்திருந்தது. சகோதரர் அதை விரலில் தூக்கிப் பார்த்துவிட்டு மனைவியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இரவு துறவற இல்லம் ஒன்றின் விருந்தினர் விடுதியில் தங்கினோம். பெண்களும் பிள்ளைகளும் ஒரு கூடத்தில், ஆண்கள் இன்னொரு கூடத்தில். கம்பளிகளை அவர்களே தந்தார்கள். மழை கொட்டும் ஊராயினும் கோடையில் இங்கே தண்ணீர் லாரியில் வருகிறது. காலையில் ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர் என்று நாங்களே வரையறுத்துக்கொண்டோம். ஒருவர் இரண்டாம் வாளி கேட்டதாகத் தகவல், பெயரை வெளியிடவில்லை. அந்தக் குளிரில் அவரைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை.

ஞாயிறு திருப்பலி சலேத் மாதா ஆலயத்தில். இயேசு சபைக் குருக்கள் 1866-இல் எழுப்பிய இவ்வாலயம், மலைச் சரிவில் மரங்களுக்கிடையே நிற்கிறது. பிரான்சு நாட்டில் ஆல்ப்ஸ் மலைமேல் லா சலேத் என்ற இடத்தில், 1846 செப்டம்பர் 19 அன்று மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலானி, மாக்சிமின் என்ற இரு பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்ததன் நினைவு இது. அவ்வரலாற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. மாதா முதலில் பிரெஞ்சு மொழியில் பேசுகிறார். அழுகிப்போகும் உருளைக்கிழங்கைப் பற்றிச் சொல்லும்போது, அந்தப் பிரெஞ்சுச் சொல் மெலானிக்கு விளங்கவில்லை. உடனே மாதா அந்த மலைமக்களின் கொச்சைப் பேச்சுக்கு மாறிவிடுகிறார். திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது வாயிலில் ஒரு வண்டியில் உருளைக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் இரண்டு கிலோ வாங்கினார். அவரது பை மறுபடியும் ஏழு கிலோவை எட்டிவிட்டது என்று சகோதரர் விரலால் தூக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

பிற்பகல் இறங்கும் பேருந்துக்குக் காத்திருக்கையில் எங்கள் குப்பையை நிறுத்துப் பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு வந்தது. மிட்டாய்க் காகிதம், மாத்திரை அட்டை, தெரியாத்தனமாக வாங்கிவிட்ட இரண்டு சிப்ஸ் பைகள் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் சேர்த்து வைத்திருந்தோம். பழக்கடைக்காரர் தமது தராசைத் தந்தார். 310 கிராம். திண்டுக்கல் வரை அதைச் சுமந்து செல்லும் பொறுப்பை எங்கள் மகன் ஏற்றுக்கொண்டான். வழி நெடுக அதை ஏதோ பொற்கிழி போல மடியில் வைத்திருந்தான்.

பெருமாள்மலையில் பேருந்து ஐந்து நிமிடம் நின்றது. நாங்கள் சிலர் இறங்கி ஓடினோம். மரம் அப்படியே இருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளிக் காரட்டும் பேரிக்காயும் கூறுகட்டி வைத்திருந்தவர் ஓர் இளைஞர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கே கடை போட்டிருந்த அம்மாவைப் பற்றி விசாரித்தோம். பல பேர் போடுவார்கள், யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். அடையாளம் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. அன்று அவர் முகத்தை நாங்கள் சரியாகப் பார்த்திருக்கவில்லை. நடத்துநர் விசில் ஊதினார். நான்கு கூறு பேரிக்காய் வாங்கி, தையல் அக்கா விரித்துப் பிடித்த பையில் கொட்டிக்கொண்டு வண்டியில் ஏறினோம்.